வாடகை இறங்கிய மூன்று ஊர்கள்: பெர்லின், பியூனஸ் ஐரிஸ், ஆஸ்டின்

ஓர் ஊரில் வாடகை இறங்குகிறது என்று செய்தி வந்தால் வாடகைக்கு இருப்பவர் சந்தோஷப்படுவார், வீட்டுக்காரர் கவலைப்படுவார். பில்டர் அடுத்த கட்டடத்தை ஆரம்பிக்கலாமா வேண்டாமா என்று கணக்குப் பார்ப்பார். போன வருடம்தான் வங்கிக் கடனில் வீடு வாங்கியவருக்குத் தூக்கம் போய்விடும். ஒரே எண்ணைப் பார்த்து ஆளுக்கொரு கருத்து வருவது இயல்புதான். ஆனால் வீட்டுச் சந்தையைப் படித்தவர்களே மூன்று கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். அரசு வாடகைக்கு உச்சவரம்பு போட வேண்டும் என்பது ஒரு கட்சி. இருக்கிற கட்டுப்பாட்டையும் தூக்கினால்தான் வீடு வெளியே வரும் என்பது இன்னொரு கட்சி. மூன்றாவது கட்சிக்கு, நிறையக் கட்டினால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்.

மூன்று கட்சிக்கும் கையில் ஓர் ஊர் இருக்கிறது: பெர்லின், பியூனஸ் ஐரிஸ், ஆஸ்டின். மூன்றிலும் ஏதோ ஒரு விதத்தில் வாடகை இறங்கியது உண்மை. அதனால் "இறங்கியதா?" என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. நான் இந்த மூன்றையும் ஒரே கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்: இன்று வாடகைக்கு இருக்கும் ஒருவர் அடுத்த மாதம் வீட்டைக் காலி செய்ய நேர்ந்தால், அதே ஊரில் அதே காசுக்கு இன்னொரு வீடு கிடைக்குமா? கிடைக்கும் என்றால் வீட்டுக்காரரிடம் அவர் நிமிர்ந்து பேசலாம். குழாய் ஒழுகுகிறது என்று சொல்லலாம், வாடகை ஏற்றத்தை மறுக்கலாம். கிடைக்காது என்றால், சராசரி வாடகை எத்தனை சதவீதம் குறைந்திருந்தாலும் அவருக்கு அதனால் லாபம் இல்லை.

கணக்கில் சேராத இறக்கம்

ஒன்றை முதலிலேயே ஒதுக்கிவிடுகிறேன். 2020-இல் கோவிட் வந்து வீட்டிலிருந்தே வேலை என்று ஆனதும் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு வருடத்துக்குள் வாடகை ஏறக்குறைய கால் பங்கு விழுந்தது. அதே சமயம் சென்னை ஓஎம்ஆரிலும் அதுதான் நடந்தது. துரைப்பாக்கம், பெருங்குடி, சோழிங்கநல்லூர் பக்கம் ஐடியில் இருந்த பிள்ளைகள் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனார்கள். பிஜிக்கள் மூடின. திருவல்லிக்கேணி மேன்சன்களில் அறைகள் காலியாகக் கிடந்தன. வருடம் தவறாமல் வாடகையை ஏற்றி வந்த வீட்டுக்காரர்கள் "ரெண்டாயிரம் குறைச்சுக் குடுங்க தம்பி, காலி மட்டும் பண்ணிடாதீங்க" என்று கேட்ட காலம் அது.

அந்த இறக்கத்தை யாரும் திட்டமிடவில்லை. வேலை நகர்ந்தது, ஆட்கள் நகர்ந்தார்கள், வாடகை விழுந்தது. ஆட்கள் திரும்பியதும் வாடகையும் திரும்பிவிட்டது. ஓஎம்ஆரில் அலுவலகங்கள் மறுபடி திறந்த பிறகு வீடு தேடியவர்களுக்கு அது நன்றாகத் தெரியும். சான் பிரான்சிஸ்கோவில் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் பெருகியதும், 2025-இல் அமெரிக்காவிலேயே வேகமாக வாடகை ஏறும் நகரங்களில் ஒன்றாக அது மாறியது. சம்பளமும் சேர்ந்து போகிற ஊரில் வாடகை குறைவது யாருக்கும் வெற்றி இல்லை. எங்கேயாவது வாடகை இறங்கியது என்று படித்தால், அங்கே ஆட்கள் குறைந்தார்களா, வீடுகள் கூடினவா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இது தெரியாமல் சண்டை போடுகிறவர்கள் நிறையப் பேர்.

பெர்லின்: அரசு போட்ட உச்சவரம்பு

பெர்லினில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் வாடகை வீட்டில்தான் இருக்கிறார்கள். ஆசிரியர், டாக்டர், ஓய்வு பெற்றவர் என்று எல்லாரும் ஆயுள் முழுக்க வாடகையில் இருப்பது அங்கே சாதாரணம். அதனால் வாடகை ஏறினால் ஊரே கொதிக்கும்.

பெர்லின் ஒரு நகரம், ஜெர்மனியில் அதுவே ஒரு மாநிலமும்கூட. 2020 பிப்ரவரி 23 அன்று பெர்லின் மாநில அரசின் வாடகை உச்சவரம்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2014-க்கு முன் கட்டிய வீடுகள், ஏறத்தாழ 15 லட்சம் வீடுகளுக்கு, 2019 ஜூன் 18 அன்று என்ன வாடகையோ அதுதான் ஐந்து வருடத்துக்கு. வீடு கட்டிய ஆண்டு, ஹீட்டர் வசதி, குளியலறை எல்லாம் பார்த்து ஒரு பட்டியலும் போட்டார்கள்: சதுர மீட்டருக்கு 3.92 யூரோ முதல் 9.80 யூரோ வரை. நவம்பரில் இன்னொரு படி மேலே போனார்கள். பட்டியல் வாடகையைவிட 20 சதவீதத்துக்கு மேல் வாங்குகிறவர், ஏற்கெனவே குடியிருப்பவருக்கும் குறைத்தாக வேண்டும்.

வீட்டில் இருந்தவர்களுக்கு இது நிஜமான நிம்மதி. மாதம் நூறு, இருநூறு யூரோ மிச்சமாவது சின்ன விஷயம் இல்லை. இந்தச் சட்டத்தைப் பிடிக்காதவர்களும் அதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் வீடு தேடுகிறவர்களுக்குக் கதவு அடைந்துவிட்டது. சட்டத்துக்கு உட்பட்ட வீடுகளின் வாடகை விளம்பரங்கள் பாதிக்குப் பாதி குறைந்தன என்று ஜெர்மனியின் பொருளாதார ஆய்வு நிறுவனங்கள் கணக்கிட்டன. காலியான வீட்டைச் சிலர் விற்றார்கள், சிலர் தாங்களே வைத்துக்கொண்டார்கள். குறைந்த வாடகையில் இருப்பவர்கள் நகரவே இல்லை. பிள்ளைகள் வளர்ந்து வெளியே போன பிறகும் நான்கு அறை வீட்டில் இரண்டு பேர். ஏனென்றால் சின்ன வீட்டுக்குப் போனால் வாடகை கூடிவிடும். உச்சவரம்புக்கு வெளியே இருந்த புதிய கட்டடங்களிலும், பக்கத்திலுள்ள போட்ஸ்டாம் போன்ற ஊர்களிலும் வாடகை ஏறியது. நான் கேட்ட கேள்விக்கு பெர்லின் சொன்ன பதில்: இருக்கிற வீட்டை விட்டுவிடாதே.

இதில் என்னை உண்மையிலேயே உறுத்துவது ஒப்பந்தங்களில் வந்த இரண்டு வரி. சட்டம் நீதிமன்றத்தில் தோற்கக்கூடும் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியும். அதனால் புதிதாக வருகிறவர்களின் ஒப்பந்தத்தில் இரண்டு தொகை எழுதினார்கள். சட்டம் இருக்கும் வரை, எடுத்துக்காட்டுக்கு, 600 யூரோ. சட்டம் செல்லாது என்றால் 900 யூரோ, அதுவும் குடிவந்த நாளிலிருந்து. வீடு கிடைக்காத ஊரில் இதற்குக் கையெழுத்துப் போட மாட்டேன் என்று யார் சொல்ல முடியும்? 2021 ஏப்ரல் 15 அன்று ஜெர்மனியின் அரசியலமைப்பு நீதிமன்றம் சட்டத்தையே ரத்து செய்தது. தனியார் வாடகையைப் பற்றிக் கூட்டாட்சி அரசு ஏற்கெனவே சட்டம் செய்துவிட்டதால் மாநிலத்துக்கு அந்த அதிகாரமே இல்லை என்பது தீர்ப்பு. ஒரு வருடம் குடியிருந்தவருக்கு ஒரே நாளில் 3,600 யூரோ பாக்கி. வோனோவியா என்ற பெரிய நிறுவனம் பாக்கியைக் கேட்க மாட்டோம் என்றது. எல்லாரும் அப்படி விடவில்லை. கட்ட முடியாதவர்களுக்கு மாநில அரசே வட்டியில்லாக் கடன் கொடுக்க வேண்டி வந்தது.

பெர்லின் இந்த நிலைக்கு வந்ததற்கு அதன் பழைய முடிவுகளும் காரணம். 2004-இல் நிதி நெருக்கடியில் இருந்த நகர அரசு, தன் வீட்டு நிறுவனம் ஒன்றை, சுமார் 65,000 வீடுகளோடு, 40.5 கோடி யூரோவுக்கு முதலீட்டு நிறுவனங்களுக்கு விற்றது. வாங்கியவர்கள் அதன் கடனையும் சேர்த்து ஏற்றார்கள் என்பது சரி. ஆனாலும் 2021-இல் அதே நகரம் சுமார் 14,750 வீடுகளைத் திரும்ப வாங்க 246 கோடி யூரோ கொடுத்தது. நடுவில், 2014-இல், மூடப்பட்ட டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் ஓரங்களில் சுமார் 4,700 வீடு கட்டும் திட்டத்தை மக்களே வாக்கெடுப்பில் நிராகரித்தார்கள். அந்தத் திடல் இன்று பட்டம் விடவும் சைக்கிள் ஓட்டவும் அருமையான இடம்தான். ஆனால் இருந்ததை விற்றுவிட்டு, புதிதாகக் கட்டவும் விடாத ஊருக்குக் கடைசியில் உச்சவரம்பைத் தவிர வேறு கருவி கையில் இல்லை.

பியூனஸ் ஐரிஸ்: கட்டுப்பாட்டைத் தூக்கிய ஊர்

பியூனஸ் ஐரிஸைத் தலைநகராகக் கொண்ட அர்ஜென்டினாவில் 2020-இல் ஒரு வாடகைச் சட்டம் வந்தது. ஒப்பந்தம் குறைந்தது மூன்று வருடம். வாடகையை வருடத்துக்கு ஒரு தடவைதான் ஏற்றலாம், அதுவும் மத்திய வங்கி வெளியிடும் குறியீட்டின்படி. படிக்க நியாயமாகத்தான் இருக்கிறது. விலைவாசி வருடத்துக்கு 5 சதவீதம் ஏறுகிற நாட்டில் இது ஓடியிருக்கும். 2023-இல் அர்ஜென்டினாவின் விலைவாசி ஏறியது 211 சதவீதம்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஜனவரியில் ஒரு லட்சம் பெசோவுக்கு (பெசோ அந்த நாட்டு நாணயம்) வீட்டை விடுகிறார் ஒருவர். டிசம்பரில் அதே ஒரு லட்சத்துக்கு ஜனவரி மதிப்பில் 32,000 பெசோவுக்குத்தான் சாமான் கிடைக்கும். அதனால் வீட்டுக்காரர் முதல் மாதமே தலைக்கு மேல் ஒரு வாடகையைச் சொன்னார். அல்லது டாலர் கொடுக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கு விட்டார். அல்லது பூட்டிப்போட்டார். 2023 கடைசியில் நீண்ட கால வாடகைக்கு வீடு தேடுவது பியூனஸ் ஐரிஸில் பெரும் திண்டாட்டம்.

2023 டிசம்பரில் ஹவியர் மிலெய் அதிபரானதும் ஓர் அவசர ஆணையில் அந்தச் சட்டத்தை அடியோடு நீக்கினார். எத்தனை வருடம், எந்த நாணயம், எத்தனை மாதத்துக்கு ஒரு தடவை ஏற்றுவது, எல்லாம் இரண்டு பேரும் பேசி முடிவு செய்துகொள்வது. அடுத்த சில மாதங்களில் வாடகை விளம்பரங்கள் இரண்டு மடங்குக்கும் மேலாகப் பெருகின. விலைவாசியைக் கழித்துப் பார்த்தால் புதிதாக வாடகைக்கு வந்த வீடுகளின் வாடகை நன்றாகவே இறங்கியது. பூட்டுப் போட்ட வீடுகள் திறந்தன. கட்டுப்பாட்டை எதிர்ப்பவர்கள் உலகம் முழுக்க இதைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

அதில் உண்மை இருக்கிறது. ஆனால் "விலைவாசியைக் கழித்து" என்ற சொற்களைப் பலர் வேகமாகக் கடந்துவிடுகிறார்கள். கையில் கொடுக்கும் பெசோ குறையவே இல்லை, ஏறிக்கொண்டுதான் இருந்தது. 2024-லும் விலைவாசி 118 சதவீதம் ஏறியது. சம்பளம் அதே வேகத்தில் ஏறியவருக்கு வாடகை இறங்கியது. ஓய்வூதியக்காரருக்கும், கூலிக்குப் போகிறவருக்கும், அரசு ஊழியருக்கும் அப்படி ஏறவில்லை. பழைய ஒப்பந்தத்தில் வருடம் ஒரு தடவை வந்த ஏற்றம், புதியதில் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை வருகிறது. வாடகைக்கு இருப்பவர்களின் சங்கங்கள் சொல்லும் குறையும், வீட்டு விளம்பரத் தளங்கள் சொல்லும் நல்ல செய்தியும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. சங்கங்கள் ஏற்கெனவே குடியிருப்பவரைப் பார்க்கின்றன, விளம்பரத் தளங்கள் வீடு தேடுகிறவரைப் பார்க்கின்றன.

இந்த ஊரில் நான் எடுத்துக்கொள்ளும் பாடம் ஒன்றுதான். புதிதாக ஒரு செங்கல்கூட வைக்காமல் சந்தைக்கு வீடு வர முடியும், ஏற்கெனவே பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய இருந்தால். அவை ஒரு தடவைதான் வெளியே வரும். அதற்கப்புறம் யாராவது கட்டியாக வேண்டும்.

ஆஸ்டின்: கட்டித் தீர்த்த ஊர்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத் தலைநகர் ஆஸ்டினுக்கு 2020, 2021-இல் கூட்டம் கூட்டமாக ஆட்கள் வந்தார்கள். ஆரக்கிள் 2020-இலும் டெஸ்லா 2021-இலும் தலைமையகத்தை அங்கே மாற்றின. வாடகை கிடுகிடுவென்று ஏறியது. அப்புறம் நடந்ததுதான் ஆச்சரியம்: ஆட்கள் வருவது முழுக்க நிற்காதபோதே வாடகை இறங்க ஆரம்பித்தது. 2025 வாக்கில் உச்சத்திலிருந்து ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. சான் பிரான்சிஸ்கோவின் கோவிட் கதைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான். ஆள் கூடிய ஊரில் வாடகை குறைந்தது, ஏனென்றால் வீடு அதைவிட வேகமாகக் கூடியது. 2021-இல் மட்டும் ஆஸ்டின் வட்டாரத்தில் 50,000-ஐ ஒட்டிய எண்ணிக்கையில் வீடுகளுக்கு அனுமதி கொடுத்தார்கள். மொத்த மக்கள்தொகையே இருபத்து மூன்று, இருபத்து நான்கு லட்சம் உள்ள இடம் அது.

இதை ஆதரிப்பவர்கள் கதையைக் கொஞ்சம் அழகாக்கிச் சொல்கிறார்கள். ஆஸ்டின் நகராட்சி கட்டட விதிகளைத் தளர்த்தியது, அதனால் வாடகை இறங்கியது என்று. தேதிகளைப் பார்த்தால் அது முழுக்கப் பொருந்தவில்லை. புதிய கட்டடத்துக்கு இத்தனை கார் நிறுத்துமிடம் கட்டாயம் என்ற விதியை நகராட்சி நீக்கியது 2023 நவம்பரில். ஒரு மனையில் மூன்று வீடு வரை கட்டலாம் என்றது டிசம்பரில். குறைந்தபட்ச மனை அளவை 5,750 சதுர அடியிலிருந்து 1,800 ஆக்கியது 2024 மே மாதம். வாடகையை இறக்கிய அடுக்குமாடிகள் அதற்குள் பாதி எழும்பிவிட்டன. அவற்றைக் கட்டவைத்தது 2020–21-இல் கிட்டத்தட்ட பூஜ்யம் வட்டிக்குக் கிடைத்த பணம், ஏறிக்கொண்டிருந்த வாடகை, ஊரைச் சுற்றிக் கட்டத் தடையில்லாத டெக்சாஸ் நிலம். விதித் தளர்வு தேவையில்லை என்று இதற்கு அர்த்தம் இல்லை. அதன் பலன் இனிமேல்தான் தெரியும்.

விதியைத் தளர்த்தியதால் என்ன ஆகும் என்று பார்க்க ஆக்லாந்துதான் சரியான ஊர். நியூசிலாந்தின் அந்த நகரம் 2016-இல் குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கில் கூடுதல் வீடுகள் கட்ட அனுமதித்தது. ஆறு வருடம் கழித்து, இது நடக்காமல் இருந்திருந்தால் இருக்கக்கூடிய வாடகையைவிட மூன்று படுக்கையறை வீடுகளின் வாடகை 26 முதல் 28 சதவீதம் குறைவு என்று ஆக்லாந்து பல்கலைக்கழகத்தின் ரயன் கிரீனவே-மெக்ரெவி கணக்கிட்டார். "நடக்காமல் இருந்திருந்தால்" என்பதை எப்படி அளப்பது என்று ஆஸ்திரேலியப் பொருளாதார அறிஞர்கள் கேமரன் மரே, டிம் ஹெல்ம் இருவரும் கடுமையாகக் கேட்டார்கள். அந்த எண்ணை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் கட்டடங்கள் எழும்பின என்பது கண்ணுக்குத் தெரிகிறது.

ஆஸ்டினில் வாடகை இறங்கியது எப்படித் தெரிந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் வாடகைக்கு இருப்பவர் ஏமாறுகிற இடம் இது. வீட்டு நிறுவனங்கள் விலையைக் குறைத்து எழுதுவதை முடிந்தவரை தள்ளிப்போடுவார்கள். அதற்குப் பதிலாக வாசலில் "இரண்டு மாதம் இலவசம்" என்று பேனர் கட்டுவார்கள். மாதம் 1,600 டாலர் வாடகை, ஒரு வருட ஒப்பந்தம், இரண்டு மாதம் இலவசம் என்றால் உண்மையில் கொடுப்பது மாதத்துக்கு 1,333 டாலர்தான். பேனரில் மட்டும் 1,600 அப்படியே நிற்கும். காரணம், கட்டடத்தின் மதிப்பை வங்கியும் முதலீட்டாளரும் வாடகையை வைத்துத்தான் போடுகிறார்கள். வாடகை எண் இறங்கினால் கட்டடத்தின் விலையும் இறங்கிவிடும், கடன் சிக்கலாகிவிடும். அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது 1,600 என்றே கடிதம் வரும். அந்த இடத்தில்தான் என் கேள்விக்கு விடை இருக்கிறது. அடுத்த தெருவில் இன்னொரு புதுக் கட்டடத்தில் அதே பேனர் தொங்கினால், "1,350-க்கு விடுங்கள், இல்லையென்றால் அங்கே போகிறேன்" என்று சொல்லலாம். ஆஸ்டினில் 2024-இல் வாடகைக்கு இருந்தவர் அப்படிச் சொல்ல முடிந்தது. பெர்லினில் இருந்தவரால் முடியாது.

இன்னொரு பழைய சண்டை: கட்டுவதெல்லாம் பணக்காரர்களுக்கான சொகுசு அடுக்குமாடிதானே, ஏழைக்கு என்ன பயன்? இவான் மாஸ்ட் என்ற பொருளாதார அறிஞர் அமெரிக்க நகரங்களில் இதைப் பின்தொடர்ந்து பார்த்தார். புதுக் கட்டடத்துக்கு வந்தவர் எங்கிருந்து வந்தார், அவர் விட்ட வீட்டுக்கு யார் வந்தார் என்று வரிசையாக. சந்தை விலையில் கட்டிய, 100 பேர் குடியேறும் ஒரு புதுக் கட்டடத்தால், சராசரிக்குக் குறைந்த வருமானமுள்ள பகுதிகளிலிருந்து 45 முதல் 70 பேர் வரை வேறு வீட்டுக்கு நகர முடிகிறது என்று கண்டார். பழைய வீடு காலியாகி, அது கீழே இருப்பவருக்குக் கிடைக்கிறது. நம்ப முடியாதது போல இருந்தாலும், ஹெல்சிங்கியில் செய்த ஆய்வும் ஏறக்குறைய இதையே சொன்னது. ஒரு நிபந்தனை உண்டு: வாங்கியவர் அந்த வீட்டில் குடியேற வேண்டும், அல்லது வாடகைக்கு விட வேண்டும். வாங்கிப் பூட்டிவிட்டால் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும்.

ஆஸ்டினில் நஷ்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள். 2022 மே மாதம் அந்த வட்டாரத்தில் நடுத்தர வீட்டு விலை 5.5 லட்சம் டாலரைத் தொட்டது. அந்த உச்சத்தில் வாங்கிய இளம் குடும்பங்களுக்கு வீட்டின் மதிப்பு ஒரு லட்சம் டாலர் வரை கரைந்துவிட்டது. அவர்கள் "வாடகை இறங்கினால் நல்லதுதானே" என்ற பேச்சைக் கேட்டு எரிச்சல்படுவதை நான் தப்பு சொல்ல மாட்டேன். பெரிய பிரச்சினை அதுவும் இல்லை. 2023-இல் அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி 5 சதவீதத்தைத் தாண்டியது. வாடகை இறங்கியது, வட்டி ஏறியது, பில்டர்கள் புது வேலை ஆரம்பிப்பதை நிறுத்தினார்கள். அடுக்குமாடி எழும்ப இரண்டு மூன்று வருடம் ஆகும். 2021-இல் எடுத்த முடிவு 2023, 2024-இல் வீடாக வந்தது போல, 2024-இல் எடுக்காத முடிவு 2026, 2027-இல் பற்றாக்குறையாக வரும்.

பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

என் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன். வாடகையை இறக்குவதில் ஆஸ்டின் வழிதான் முதல். அது ஒன்றுதான் வீடு தேடுகிறவருக்கும் குடியிருப்பவருக்கும் சேர்ந்தே பலன் கொடுத்தது. பியூனஸ் ஐரிஸ் இரண்டாவது, பூட்டிய வீடுகள் இருக்கிற ஊருக்கு மட்டும். பெர்லினின் முழு உச்சவரம்பு எனக்கு மூன்றாவதுதான். சான் பிரான்சிஸ்கோவிலும் 1994-இல் கட்டுப்பாட்டைச் சின்னக் கட்டடங்களுக்கு விரிவாக்கியபோது இதே பலன்தான் வந்தது. ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் பல வருடத் தரவை வைத்துப் பார்த்தார்கள். குடியிருந்தவர்கள் நிலைத்து இருக்க அது உதவியது. ஆனால் வீட்டுக்காரர்கள் வாடகைக்கு விடும் வீடுகளை 15 சதவீதம் குறைத்துக்கொண்டார்கள், ஊர் முழுக்க வாடகை 5 சதவீதம் ஏறியது.

ஆனால் பெர்லினை ஆதரிப்பவர்கள் கேட்கும் ஒரு கேள்வியை நான் தள்ளிவிட மாட்டேன். கட்டி முடிக்க மூன்று வருடம் ஆகும், அதுவரை பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வைத்துக்கொண்டு இருக்கிற குடும்பம் 30 சதவீத ஏற்றத்தை எப்படித் தாங்கும்? அதற்கு வருடாந்தர ஏற்றத்துக்கு ஒரு மிதமான எல்லை போடலாம், விலைவாசியோடு சேர்ந்து நகரும் எல்லையாக. வாடகையையே உறைய வைப்பது வேறு, திடீர் ஏற்றத்தைத் தடுப்பது வேறு.

பில்டர் நிறுத்திவிட்டால் யார் கட்டுவது என்ற கேள்விக்கு வியன்னாவிடம் விடை இருக்கிறது. 1923-இல் வீட்டு வரி போட்டு அந்தப் பணத்தில் நகராட்சியே கட்ட ஆரம்பித்தது. 1930-இல் முடிந்த கார்ல் மார்க்ஸ் ஹோஃப் ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளம், 1,382 வீடுகள். இன்று நகராட்சிக்கு மட்டும் சுமார் 2.2 லட்சம் வீடுகள். லாபத்துக்கு வரம்பு வைத்த சங்கங்களின் வீடுகளையும் சேர்த்தால், ஊரில் பாதிப்பேர் இப்படிப்பட்ட வீட்டில்தான் இருக்கிறார்கள். சந்தை படுத்தாலும் இவர்கள் கட்டுவார்கள். குறை இல்லாமல் இல்லை: நகராட்சி வீட்டுக்குப் பதிவு செய்யவே இரண்டு வருடம் வியன்னாவில் இருந்திருக்க வேண்டும். புதிதாக வந்தவர் அதுவரை தனியார் வீட்டில் கூடுதல் வாடகைதான் கொடுக்க வேண்டும்.

சென்னைக்கு எந்த ஊர் பொருந்தும்?

சென்னையைப் பற்றிப் பேசும்போது ஆஸ்டினைக் காட்டுகிறார்கள். எனக்கென்னவோ நாம் பியூனஸ் ஐரிஸுக்குத்தான் பக்கத்தில் இருக்கிறோம் என்று படுகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்திய நகரங்களில் 1.1 கோடி வீடுகள் ஆளில்லாமல் கிடந்தன. 80 லட்சம் ரூபாய் ஃபிளாட்டுக்கு மாதம் 20,000 வாடகை என்றால் வருடத்துக்கு 3 சதவீதம்தான், ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டாலே அதைவிடக் கூட வரும். அதனால் வாங்கியவர் விலையேற்றத்தை நம்பிப் பூட்டிவைக்கிறார். குடிவைத்தால் காலி செய்ய மாட்டார்கள், கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்ற பயம் வேறு. அந்தப் பயம் வானத்திலிருந்து விழவில்லை. மும்பையில் 1947-ஆம் ஆண்டுச் சட்டம் வாடகையை 1940-ஆம் ஆண்டு அளவில் நிறுத்திவைத்து, பழுதுபார்க்கக்கூடக் காசு வராத கட்டடங்களை உண்டாக்கியது. இங்கே 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்ட வழக்குகள் தலைமுறை தாண்டி நடந்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் நம் வீட்டுக்காரர்கள். அதற்குப் பதிலாக வந்த 2017-ஆம் ஆண்டுச் சட்டம் 2019-இல் நடைமுறைக்கு வந்தது. ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்தால் இரண்டு பக்கத்துக்கும் அது பாதுகாப்பு. இன்னும் பல இடங்களில் 11 மாத ஸ்டாம்ப் பேப்பரோடு வேலை முடிந்துவிடுகிறது.

சரி, நாளைக்கே பூட்டிய வீடுகள் எல்லாம் திறந்தால் இங்கே வாடகைக்கு இருப்பவர் ஆஸ்டின்காரர் போலப் பேச முடியுமா? முடியாது, அட்வான்ஸ் தடுக்கும். 20,000 வாடகைக்கு 10 மாத அட்வான்ஸ் என்றால் 2 லட்சம். அது பழைய வீட்டுக்காரரிடம் இருக்கிறது. புது வீட்டுக்காரர் இன்னொரு 2 லட்சத்தை முதலில் கேட்பார். பழையது காலி செய்த பிறகுதான் திரும்ப வரும், அதிலும் பெயின்ட் அடிக்க ஒரு மாதம் பிடித்தம், புரோக்கருக்கு ஒரு மாதம். எதிர்த் தெருவில் 3,000 ரூபாய் குறைவாக வீடு காலியாக இருந்தாலும், கையில் இரண்டு லட்சம் புரட்ட முடியாதவர் ஏற்றத்துக்குத் தலையாட்டிவிட்டு இருந்த இடத்திலேயே இருப்பார். ஜெர்மனியில் வைப்புத்தொகை மூன்று மாத வாடகைக்கு மேல் கூடாது, அதையும் மூன்று தவணையில் கட்டலாம். மத்திய அரசின் 2021 மாதிரி வாடகைச் சட்டம் இரண்டு மாதம் என்கிறது. தமிழ்நாட்டுச் சட்டமும் மூன்று மாதம் என்றுதான் சொல்கிறது, ஆனால் இரண்டு பேரும் வேறு விதமாக ஒப்புக்கொண்டால் சரி என்று ஒரு வழியையும் விட்டுவைத்திருக்கிறது. வீடு தேவைப்படுகிறவர் எதற்கும் ஒப்புக்கொள்வார் என்பதால் பத்து மாதம் தொடர்கிறது. கட்டட விதி, வட்டி, நிலம் என்று பெரிய விவாதங்கள் நடக்கட்டும். அந்த ஒரு விதிவிலக்கை நீக்கி, அட்வான்ஸை மூன்று மாதத்தில் நிறுத்துவதை அரசு இந்தச் சட்டமன்றக் கூட்டத் தொடரிலேயே செய்ய முடியும்.